விடை தெரிவது அறிவாகுமா?

ஆறாம் வகுப்புக் கணக்கு ஒன்று: 48, 30 ஆகிய எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் காண்க. மாணவி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கோடு போடுகிறாள். இரண்டால் வகுக்க 24, 15. மூன்றால் வகுக்க 8, 5. இனி இரண்டையும் ஒருசேர வகுக்கும் பகா எண் எதுவும் இல்லை. இடப்பக்கம் நிற்கும் 2ஐயும் 3ஐயும் பெருக்கி 6 என்று எழுதுகிறாள். விடை சரி, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் 48ஐயும் 30ஐயும் மீதியின்றி வகுக்கும் எண்களில் ஆகப் பெரியது 6 என்பது அவளுக்குத் தெரியுமா? 6க்கு மேல் அப்படியோர் எண் ஏன் இருக்க முடியாது என்று கேட்டால், இப்படித்தான் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைத் தவிர அவளிடம் வேறு பதில் இல்லையென்றால், அவளிடம் இருப்பதை அறிவு என்று சொல்லலாமா? இது கற்பித்தல் உத்தியைப் பற்றிய சிறு விவாதமாகத் தோன்றலாம். உண்மையில் அறிதல் என்றால் என்ன, ஒருவருடைய சொல்லை எதுவரை ஏற்கலாம் என்ற பழைய தத்துவக் கேள்வி, எளிய கணக்கு ஒன்றின் உருவில் பதினொரு வயதுக் குழந்தையின் முன் வந்து நிற்கிறது. காரணம் குழந்தைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதைத் தராமல் விதியை மட்டும் தருவது அறிவைத் தருவதாகாது. கீழ்ப்படியும் பழக்கத்தைத்தான் அது தருகிறது. அதனால் இதை ஓர் அறப்பிரச்சினையாகவே நான் பார்க்கிறேன்.

அறியும் வழிகளை வகைப்படுத்துவது தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை முதலில் கேட்பது அளவைவாதியின் வாதத்தை. காட்சி, கருதல், உவமம், ஆகமம் என்று தொடங்கி அவர் பத்து அளவைகளை அடுக்குகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை எழுதிய அருணந்தி சிவாசாரியாரும் அளவைகளின் நீண்ட பட்டியலை எடுத்துக்கொண்டு, அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். கண்ணால் கண்டு அறிவது ஒன்று. கண்டதிலிருந்து காரணம் பற்றி ஊகித்து அறிவது இன்னொன்று. நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது மூன்றாவது. இந்த மூன்றையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்து பார்த்தால் நம் மாணவியின் நிலை தெளிவாகிவிடும். 48ன் காரணிகளையும் 30ன் காரணிகளையும் வரிசையாக எழுதி, இரண்டிலும் உள்ளவற்றில் பெரியதை அவள் தேடியிருந்தால், அது காட்சிக்கு நெருக்கமானது. ஒவ்வொரு எண்ணையும் அவளே சோதித்துவிட்டாள். இரண்டு எண்களின் பொதுக் காரணிகள் அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும் என்று கண்டு விடைக்கு வந்திருந்தால், அது கருதல். கோடு போட்டு வகுத்து இடப்பக்க எண்களைப் பெருக்கிய அவளிடம் இருப்பது மூன்றாவது வகை மட்டுமே. அவளுடைய 6க்குச் சான்று பாடநூலும் ஆசிரியரும்தான்.

விடை சரியாக இருக்கும்போது அது எந்த வழியாக வந்தால் என்ன என்று கேட்கலாம். பிளேட்டோவின் மெனோன் உரையாடலில் இதே கேள்வி எழுகிறது. லாரிஸா நகருக்குப் போகும் வழியைப் பற்றி ஒருவரிடம் சரியான கருத்து இருந்தால் போதும், அவர் அங்கே ஒருமுறையும் போயிராவிட்டாலும் நம்மைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் என்று சாக்ரட்டீஸ் ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் அறிவுக்கு மட்டும் ஏன் கூடுதல் மதிப்பு என்று மெனோன் கேட்கிறார். காரணத்தால் கட்டிப்போடாத கருத்து எவ்வளவு சரியானதாக இருந்தாலும் நம்மிடம் நிலைக்காமல் ஓடிவிடும் என்பது சாக்ரட்டீஸின் பதில். அதை எந்தக் கணக்கு வகுப்பிலும் சோதித்துப் பார்க்கலாம். அதே மாணவியிடம் 8, 15 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். இரண்டையும் வகுக்கும் பகா எண் எதுவும் இல்லை. கோட்டின் இடப்பக்கம் காலியாகவே நிற்கிறது, பெருக்க ஒன்றும் இல்லை. விதியை மட்டும் கற்ற பிள்ளைகளில் பலர் இங்கே 0 என்றோ, பொதுக் காரணி இல்லை என்றோ எழுதுவது ஆசிரியர்கள் நன்கறிந்த பிழை. மீப்பெரு பொதுக் காரணி என்பது இரண்டையும் வகுக்கும் எண்களில் பெரியது என்ற பொருள் மனத்தில் இருப்பவளுக்கு இந்தக் குழப்பம் வராது. 1 எல்லா எண்களையும் வகுக்கும், வேறு எதுவும் இவ்விரண்டையும் சேர்த்து வகுக்காது, ஆகவே விடை 1 என்று அவள் நேராகச் சொல்வாள். பழகிய கணக்குகள் வரும்வரை இருவருக்கும் வேறுபாடு தெரியாது. பழகாத கணக்கு ஒன்று வந்ததும் காரணம் தெரிந்தவள் வழியைக் கண்டுகொள்கிறாள், மற்றவள் திகைத்து நிற்கிறாள்.

இதைவிட ஆழமான சேதத்துக்கும் சான்று உண்டு. 1973ல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பள்ளி மாணவன் ஒருவனைப் பற்றி எழுதிய கட்டுரை, கணிதக் கல்வி ஆய்வில் இன்றும் பேசப்படுகிறது. கட்டுரை பென்னி என்று குறிப்பிடும் அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன், தானே பயிற்சித்தாள்களைப் போட்டு, விடைத்தாளோடு ஒப்பிட்டு முன்னேறும் ஒரு திட்டத்தில் படித்தான். தேர்ச்சியில் அவனுக்குக் குறையில்லை, அவனை நல்ல மாணவன் என்றே ஆசிரியர் எண்ணியிருந்தார். எர்ல்வாங்கர் உட்கார்ந்து பேசிப் பார்த்தபோதுதான் அவனுடைய உள்மனக் கணிதம் வெளிப்பட்டது. பின்னத்தைத் தசமமாக மாற்ற, மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டிப் புள்ளி வைத்தால் போதும் என்று அவன் நம்பினான். பத்தில் இரண்டு அவனுக்கு 1.2. விதிகளை யாரோ ஒரு கெட்டிக்காரர் உண்டாக்கி வைத்திருக்கிறார், விடைத்தாளில் இருப்பதோடு பொருந்துவதே சரி என்பது அவன் புரிதல். தவறான விடைகளைத் திருத்திவிடலாம். கணிதத்தில் எது சரி என்பதை வேறு யாரோ எங்கோ தீர்மானித்துவிட்டார்கள் என்ற எண்ணத்தைத் திருத்துவது எளிதல்ல. பென்னியிடம் குறைந்தது வகுத்தல் திறனல்ல. தன் விடை சரியா என்று தானே தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு வரவே இல்லை. 1976ல் ரிச்சர்ட் ஸ்கெம்ப் புரிதலை இரண்டு வகையாகப் பிரித்தார். என்ன செய்வது என்பதை மட்டும் அறிவது ஒன்று, என்ன செய்வது, ஏன் செய்வது என்ற இரண்டையும் அறிவது மற்றொன்று. முதல் வகையைப் புரிதல் என்றே கருதத் தாம் முன்பு தயங்கியதாகவும், பல ஆசிரியர்களும் மாணவர்களும் அதையே புரிதல் என்று சொல்வதைப் பின்னர் உணர்ந்ததாகவும் அவர் எழுதினார். ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைக் குறித்துக்கொண்டு பள்ளிகள் ஓடுகின்றன என்பதுதான் அவருடைய எச்சரிக்கை.

காரணம் குழந்தைக்கு எட்டுமா என்பதுதான் இந்த வாதத்தின் உயிர்நிலை. எட்டாது என்றால் நான் மேலே சொன்னதெல்லாம் வீண். ஆகவே அதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். 48, 30 இரண்டையும் வகுக்கும் எண்கள் 1, 2, 3, 6. இப்போது பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, 48க்குப் பதிலாக 18ஐ வைத்துக்கொள்வோம். 30, 18 இரண்டையும் வகுக்கும் எண்கள் எவை? அதே 1, 2, 3, 6. மறுபடியும் கழித்தால் 18, 12. பொதுக் காரணிகள் அதே நான்கு. இன்னொருமுறை கழித்தால் 12, 6. அப்போதும் அதே நான்கு. எண்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன, பொதுக் காரணிகளின் கூட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதைப் பலகையில் நான்கு வரிகளாக எழுதியதும் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி தானாக எழும்: ஏன் மாறவில்லை? பதில் இரண்டு வரிதான். ஓர் எண் 48ஐயும் 30ஐயும் முழுமையாக வகுத்தால், இரண்டும் அந்த எண்ணின் மடங்குகள். ஒரு மடங்கிலிருந்து இன்னொரு மடங்கைக் கழித்தால் வருவதும் மடங்குதான், ஆகவே அந்த எண் 18ஐயும் வகுக்கும். மறுபக்கமும் அப்படியே: 30ஐயும் 18ஐயும் வகுக்கும் எண், இரண்டின் கூடுதலான 48ஐயும் வகுத்தாக வேண்டும். எனவே கழிப்பதால் எந்தப் பொதுக் காரணியும் தொலைவதில்லை, புதிதாக எதுவும் நுழைவதுமில்லை. ஒவ்வொரு முறையும் எண்கள் சிறிதாகின்றன. முழு எண்களில் முடிவில்லாமல் கீழே இறங்கிக்கொண்டே போக முடியாது, எனவே இது எங்காவது முடிந்தே தீரும். 12, 6 என்ற இடத்தில் சிறியது பெரியதை வகுத்துவிடுகிறது, அங்கே விடை வெளிப்படையாக நிற்கிறது. கூட்டலும் கழித்தலும் மடங்கும் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இதில் எட்டாதது ஒன்றும் இல்லை.

காட்சியில் தொடங்க விரும்பினால் அதற்கும் வழி உண்டு. 48 அடி நீளம், 30 அடி அகலமுள்ள தரையை வெட்டாத சதுர ஓடுகளால் நிரப்ப வேண்டும், ஓடு இயன்றவரை பெரியதாக இருக்க வேண்டும். தாளில் செவ்வகம் வரைந்து 30க்கு 30 சதுரத்தைப் பிரித்தால் 18க்கு 30 மீதி. அதிலிருந்து 18க்கு 18 சதுரம் போனால் 12க்கு 18 மீதி. அதிலிருந்து 12க்கு 12 போனால் 6க்கு 12, அது இரண்டு 6க்கு 6 சதுரங்கள். முழுத் தரையையும் நிரப்பக்கூடிய ஓடு ஒவ்வொரு மீதியையும் நிரப்பியாக வேண்டும் என்பது படத்திலேயே தெரிகிறது. ஆனால் இங்கே மணிமேகலையின் பூதவாதி குறுக்கிடுவார். காட்சியன்றி வேறு அளவையை ஏற்காத அவர், நீங்கள் கண்டது ஒரு தரை, அதை வைத்து எல்லா எண்களுக்கும் எப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். பத்து ஜோடி எண்களைச் சோதித்தவளால் பதினொன்றாவதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் மேலே சொன்ன காரணத்தில் 48 என்பதாலோ 30 என்பதாலோ நடந்தது எதுவும் இல்லை. ஒரு மடங்கிலிருந்து இன்னொரு மடங்கைக் கழித்தால் மடங்கே வரும் என்பது மட்டும்தான் வேலை செய்தது. அதைக் கண்டுகொண்டவள் 221, 143 என்று கொடுத்தாலும் அஞ்சமாட்டாள். 143 பகா எண்ணா என்று தடுமாறாமல் 78, 65, 13 என்று கழித்துக்கொண்டே வந்து, 65 பதின்மூன்றின் ஐந்து மடங்கு என்று கண்டு விடையைச் சொல்வாள். காட்சி கருதலாக மாறும் கணம் அது. எண்ணிறந்த எண்களைப் பற்றிய ஓர் உண்மையை, ஒருவர் சொல்லையும் சாராமல், ஒரு குழந்தை முதன்முதலாக முழுமையாகத் தன் கைக்குள் வைத்துக்கொள்கிற இடமும் அதுவே. பள்ளிப் பாடங்களில் அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு.

இந்த முறைக்கு எந்த ஊரும் எந்த மொழியும் உரிமை கொண்டாட முடியாது என்பதும் கவனிக்கத் தக்கது. அலெக்சாந்திரியாவில் கி.மு. 300 வாக்கில் எழுதிய யூக்ளிட், தம் நூலின் ஏழாம் புத்தகத்தை இதைக் கொண்டுதான் தொடங்குகிறார். பழைய சீனக் கணித நூலான ஒன்பது அத்தியாயங்கள், பின்னத்தைச் சுருக்குவதற்கு மாறி மாறிக் கழிக்கும் இதே வழியைச் சொல்கிறது. 499ல் ஆரியபட்டர் குட்டகம் என்ற முறையில் மாறி மாறி வகுத்து, அதைக் கொண்டு வானியலுக்குத் தேவையான சமன்பாடுகளைத் தீர்த்தார். 628ல் பிரம்மகுப்தர் தம் நூலில் ஓர் அதிகாரத்துக்கே குட்டகம் என்று பெயர் வைத்தார். யார் யாரிடம் கற்றார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கேள்வி. தத்துவத்துக்கு வேண்டியது வேறு. கிரேக்கக் கடவுளரை வணங்கிய நாட்டிலும், பௌத்தமும் சைவமும் வைணவமும் சமணமும் வாதிட்டுக்கொண்டிருந்த நாட்டிலும் ஒரே முறை ஒரே விடையைத் தந்திருக்கிறது. சொன்னவர் யார் என்பதை அறவே மறந்துவிட்டாலும் நிலைத்து நிற்கும் உண்மைகள் உண்டு என்பதற்கு இதைவிட எளிய சான்றை ஒரு குழந்தைக்குக் காட்ட முடியாது. அந்த உண்மையைக் கொண்டுபோய் ஆசிரியர் சொன்னார் என்ற ஒற்றைத் தூணின் மேல் நிறுத்துவது அதன் இயல்புக்கே முரணானது.

பாடத்திட்டம் வைத்திருக்கும் வரிசையும் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் காரணிகளும் பகாக் காரணிப்படுத்துதலும் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை அந்தப் பெயரோடு, துணைத் தேற்றத்தோடு பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. எளியது முன்னே, கடினமானது பின்னே என்று இது தோன்றும். காரணங்களை வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழானது. பகாக் காரணிகளைப் பெருக்கி விடை காணும் முறை சரியாக வேலை செய்வது, ஓர் எண்ணை எப்படிப் பிரித்தாலும் கடைசியில் அதே பகா எண்களே வரும் என்பதால். 84ஐ நான்கும் இருபத்தொன்றுமாகப் பிரித்தாலும் ஏழும் பன்னிரண்டுமாகப் பிரித்தாலும் 2, 2, 3, 7தான் மிஞ்சும். இது ஏன் எப்போதும் நடக்க வேண்டும்? நடந்தே தீரும் என்பது வெளிப்படையான உண்மை அல்ல. இரட்டை எண்கள் மட்டுமே இருக்கும் ஓர் உலகைக் கற்பனை செய்து பாருங்கள். அங்கே 2, 6, 18 ஆகியவற்றை இரண்டு இரட்டை எண்களின் பெருக்கலாகப் பிரிக்க முடியாது, ஆகவே அவை அவ்வுலகின் பகா எண்கள். ஆனால் 36 என்பது ஆறு பெருக்கல் ஆறு, இரண்டு பெருக்கல் பதினெட்டும் அதுதான். ஒரே எண் இரண்டு வேறு விதமாகப் பிரிந்துவிடுகிறது. நம் எண்களில் அப்படி நடக்காது என்பதைத் தேற்றமாக எடுத்துக் கூறித் தெளிவாக நிறுவியவர் காவுஸ், 1801ல். அந்த நிரூபணத்துக்கு இன்று பாடநூல்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அடித்தளமோ யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை. அதாவது, காரணம் எளிதில் விளங்கும் முறையைப் பதினைந்து வயதுக்குத் தள்ளிவிட்டு, அதன் மேல் எழுந்து நிற்கும் முறையைப் பதினொரு வயதில் கொடுக்கிறோம். கொடுக்கும்போது காரணம் சொல்ல வழியில்லாமல் போவதில் வியப்பில்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு மரபின் பெயரால் வருவது. நம் முன்னோர் எண்சுவடியை மனப்பாடம் செய்துதான் படித்தார்கள், நன்னூலை உருப்போட்டுத்தான் இலக்கணம் கற்றார்கள், முதலில் மனத்தில் பதியட்டும், பொருள் பிறகு விளங்கும் என்பார்கள். மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. வாய்ப்பாடு நாக்கில் இல்லாத பிள்ளைக்கு மேலே சொன்ன காரணத்தைப் பின்தொடர்வதே கடினம். ஆனால் நம் மரபைப் பாதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சூத்திரம் தனியாக நின்றதே இல்லை, அதற்கு உரை உண்டு. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் முதலாகப் பலர் உரை எழுதியது சூத்திரம் போதாது என்பதால்தானே? கணிதத்திலும் அப்படியே. ஆரியபட்டர் குட்டகத்தை இரண்டே செய்யுள்களில் அடக்கிவிட்டார். அதை விரித்து, எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் போட்டுக் காட்டி 629ல் விளக்கம் எழுதினார் முதலாம் பாஸ்கரர். பதினாறாம் நூற்றாண்டில் கேரளத்தில் ஜ்யேஷ்டதேவர் யுக்தி பாஷா என்ற நூலை, கணித முறைகளின் காரணங்களைச் சொல்வதற்கென்றே மலையாளத்தில் எழுதினார், குட்டகமும் அதில் இடம்பெறுகிறது. வடமொழிச் செய்யுளில் விதிகள் குறைவில்லாமல் இருந்த காலத்தில், பேசும் மொழியில் காரணம் சொல்ல ஒருவர் உட்கார்ந்தார் என்றால், விதி மட்டும் போதாது என்று மரபே உணர்ந்திருந்தது. செய்யுளை வைத்துக்கொண்டு உரையைத் தூக்கி எறிவது மரபைக் காப்பதாகாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. மனித அறிவில் பெரும்பகுதி பிறர் சொல்லைச் சார்ந்ததுதானே? பூமியின் சுற்றளவையோ மருந்தின் அளவையோ நாம் யாரும் சோதித்து அறியவில்லை. நம்பத்தக்கவர் சொல்லை அளவையாக ஏற்காவிட்டால் ஒரு நாள்கூட வாழ முடியாது. அப்படியிருக்க மாணவி ஆசிரியர் சொல்லை நம்பினால் மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? நம்புவது குறையல்ல என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். சொல்லை அளவையாகக் கொண்ட இந்தியத் தத்துவ மரபுகளிலேயே இதற்கான பதிலும் இருக்கிறது. காட்சியும் கருதலும் எட்டாத இடத்தில்தான் ஆகமத்தின் தனி அதிகாரம் தொடங்குகிறது என்பது அவற்றில் பரவலாகக் காணும் நிலைப்பாடு. கருதல் எளிதாக எட்டும் இடத்தில் அதைத் தடுத்துவிட்டுச் சொல்லை மட்டும் உட்கார வைப்பது, சொல்லின் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யாருடைய சொல் நம்பத்தக்கது என்று தேர்ந்தெடுக்க ஒருவருக்கு அளவுகோல் வேண்டும். காரணம் என்றால் என்ன, நிறுவிக் காட்டுவது எப்படி இருக்கும் என்று ஒருமுறையேனும் அனுபவித்து அறியாதவருக்கு அந்த அளவுகோல் எங்கிருந்து வரும்? கைப்பேசியில் வந்து சேரும் ஒவ்வொரு செய்தியையும் உறுதியான குரலில் சொல்லப்பட்டது என்பதற்காகவே நம்பும் பழக்கத்துக்கும், உறுதியான குரலில் விதிகளைச் சொன்ன வகுப்பறைக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது மறுப்பு தத்துவத்தின் உள்ளிருந்தே வருவது. காரணம் காட்டினாலும் அந்தக் காரணத்துக்கு ஒரு காரணம் வேண்டும், அதற்கும் ஒன்று வேண்டும். கடைசியில் எங்கோ ஓரிடத்தில் இப்படித்தான் என்று ஏற்க வேண்டியிருக்கும், அப்படியானால் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டால் என்ன? 1895ல் லூயிஸ் கரோல் மைண்ட் என்ற தத்துவ இதழில் எழுதிய சிறு உரையாடலில், ஆமை ஒன்று அகில்லஸிடம் ஒவ்வொரு படியையும் ஏற்றுக்கொண்டு, முடிவை மட்டும் ஏற்க மறுக்கிறது. இந்தப் படிகளிலிருந்து இந்த முடிவு வரும் என்ற விதியையும் எழுதச் சொல்கிறது, எழுதியதும் அதற்கு இன்னொரு விதி கேட்கிறது. பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எந்த விதியையும் வெறும் விதியாக மட்டும் எவ்வளவு சேர்த்தாலும் முடிவை அடைய முடியாது என்பதை அந்த உரையாடல் காட்டுகிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் மறுப்பாளர் எடுக்கும் பாடத்துக்கு நேர் எதிரானது. எங்கோ ஓரிடத்தில் ஒருவர் தாமே கண்டாக வேண்டும், அந்தக் காணலை அவருக்காக வேறொருவர் செய்ய முடியாது. இரண்டு மடங்குகளைக் கழித்தால் மடங்கே வரும் என்பது அப்படிக் காணக்கூடிய இடம். ஏழு ஏழாக அடுக்கிய குவியலிலிருந்து ஏழு ஏழாக எடுத்தால் மிஞ்சுவதும் ஏழு ஏழாகத்தானே இருக்கும்? இதற்கு மேல் விளக்கம் கேட்பவரிடம் சொல்ல ஒன்றுமில்லை, தேவையுமில்லை. காரணத்தின் சங்கிலி முடியும் இடம் குழந்தையின் சொந்தக் காட்சியாக இருப்பதும், ஆசிரியரின் ஆணையாக இருப்பதும் ஒன்றல்ல. எல்லாச் சங்கிலியும் எங்கோ முடிகிறது என்பதால் எங்கே முடிந்தாலும் சரி என்று ஆகிவிடாது.

நான்காவது மறுப்பு வகுப்பறையிலிருந்து வருவது, அதைத்தான் மிகுந்த மரியாதையோடு கேட்க வேண்டும். பாடத்தை முடிக்க நேரமில்லை, தேர்வில் ஏன் என்று கேட்பதில்லை, பின்தங்கிய பிள்ளைகள் காரணம் சொன்னால் குழம்பிப்போகிறார்கள், விதியாவது தெரிந்தால் தேர்ச்சி பெறுவார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மையான நெருக்கடியிலிருந்து வரும் சொல். ஆனால் மேலே கண்ட நான்கு வரிப் பட்டியலும் செவ்வகப் படமும் ஒரு பாடவேளைக்குள் அடங்கும். அந்த ஒரு பாடவேளை மீதமாக்கும் நேரமும் குறைவல்ல. மீப்பெரு பொதுக் காரணிக்கும் மீச்சிறு பொது மடங்குக்கும் விதி மாறிப்போவது, 8க்கும் 15க்கும் பொதுக் காரணி இல்லை என்று எழுதுவது, கயிற்றை வெட்டும் கணக்கில் எதைக் காண வேண்டும் என்று தெரியாமல் நிற்பது, இவற்றைத் திரும்பத் திரும்பத் திருத்துவதில்தான் ஆசிரியரின் உழைப்பு கரைகிறது. பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றிய வாதம் என்னை மிகவும் உறுத்துகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளை காரணத்தை வீட்டிலோ நூலிலோ பிறகேனும் கண்டுகொள்ளக்கூடும். பள்ளியைத் தவிர வேறு வழியில்லாத பிள்ளைக்கு விதி மட்டும் போதும் என்று நாம் முடிவு செய்வது, அறிவைச் சிலருக்கும் கீழ்ப்படிதலைச் சிலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதாகும். கற்கும் உரிமை பிறப்பைப் பொறுத்துப் பல நூற்றாண்டுகள் மறுக்கப்பட்ட சமூகத்தில், இரக்கத்தின் பெயரால்கூட அந்தப் பங்கீட்டைத் தொடரக் கூடாது. தேர்வுக்கும் ஒரு மாற்றம் போதும்: விடைக்குப் பாதி மதிப்பெண், இதைவிடப் பெரிய பொதுக் காரணி ஏன் இல்லை என்று தன் சொற்களில் சொல்வதற்குப் பாதி.

இதெல்லாம் சமய நம்பிக்கைக்கு எதிராகப் போகுமோ, குழந்தைகள் எல்லாவற்றுக்கும் நிரூபணம் கேட்கத் தொடங்கிவிடுவார்களோ என்று சிலர் அஞ்சலாம். அருணந்தி சிவாசாரியார் இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே அளவைகளைப் பற்றிப் பேசி முடித்துவிடுகிறார். மணிமேகலையும் எல்லாச் சமயத்தாரின் வாதங்களையும் கேட்ட பிறகே தன் அறத்தை ஏற்கிறாள். எதை எவ்வழியில் அறிகிறோம் என்று தெளிந்துகொள்வது நம்பிக்கைக்கு முந்திய கடமை என்று சமயவாணர்களே கருதியிருக்கிறார்கள். மீப்பெரு பொதுக் காரணியின் காரணத்தை உணர்ந்த குழந்தை, எல்லாவற்றையும் நிரூபிக்கச் சொல்லப்போவதில்லை. தன் மனத்தில் உள்ளவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறாள்: நானே கண்டது, காரணம் பற்றித் தெளிந்தது, பிறர் சொல்ல ஏற்றது. இறைவன் உண்டு என்று அவள் நம்பினால், எந்த வகையில் நம்புகிறாள் என்பது அவளுக்குத் தெரியும், அந்த நம்பிக்கை அவளுடையதாக இருக்கும். ஒரு சாதி உயர்ந்தது, இன்னொன்று தாழ்ந்தது என்று யாரேனும் உறுதியான குரலில் சொன்னால், இது எந்த வகை என்று கேட்கும் பழக்கமும் அவளிடம் இருக்கும். அந்தப் பழக்கத்தை அறிவுரையால் உண்டாக்க முடியாது. ஆசிரியருக்கு நிகராக நின்று, ஆசிரியர் சொல்லாவிட்டாலும் இது இப்படித்தான் என்று ஒருமுறையேனும் சொல்ல முடிந்தவருக்கே அது வரும். பதினொரு வயதில் அதற்கு வாய்ப்புத் தரும் பாடம் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. புதிய நூலோ கருவியோ செலவோ வேண்டியதில்லை. 6 என்று விடை வந்த பிறகு வகுப்பு அடுத்த கணக்குக்குப் போய்விடாமல், ஏன் 6க்கு மேல் இல்லை என்று ஆசிரியர் கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தால் போதும்.